பழைய க்ரூஸர் பைக் வாங்கினா முதல் வாரமே எல்லாத்தையும் மாத்தணுமா?

புதுக்கை: ஆறு வருஷப் பழசு, 14,000 கி.மீ. ஓடின வி-ட்வின் (ரெண்டு சிலிண்டர் 'வி' வடிவத்துல), செயினுக்குப் பதிலா பெல்ட் டிரைவ். "போன மாசம்தான் ஆயில் மாத்தினேன்"ங்கிறார் விக்கிறவர். சர்வீஸ் புக் பாதி காலி. எதை முதல்ல தொடணும்?

ஸ்பேனர்14: எல்லாத்தையும். இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், ஃபோர்க் (முன்பக்க ஷாக்) ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர். ஆயில் மாத்தினது நிஜமாவே இருக்கட்டும், என்ன ஆயில்னு யாருக்குத் தெரியும்? கார் ஆயில் ஊத்தியிருந்தா, அதுல உராய்வைக் குறைக்கச் சேர்க்கிற சமாச்சாரம் வெட் கிளட்ச்சை (இன்ஜின் ஆயில்லயே நனைஞ்சிருக்கிற கிளட்ச்) வழுக்க வெச்சிடும். டாப் கியர்ல முறுக்கினா இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. (நிறைய க்ரூஸர்ல இன்ஜின் சுத்துற வேகத்தைக் காட்டுற டாக்கோமீட்டரே கிடையாது, காதுதான் மீட்டர்.) டப்பாவுல ஜாசோ எம்ஏ இல்லேன்னா எம்ஏ2ன்னு (பைக் ஆயிலுக்கான ஜப்பான் தரக்குறி) இருக்கணும்.

நிதானம்: தல, பொறுங்க. பழைய ஆயில்தான் அந்த இன்ஜினோட ஜாதகம். அதைப் படிக்காம சாக்கடைல ஊத்திட்டு புதுசை ஊத்தினா என்ன லாபம்? வெதுவெதுப்பா இருக்கும்போது இறக்குங்க. டிரெயின் பிளக் (ஆயில் இறக்குற அடி போல்ட்) காந்தத்துல சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தா சாதாரணத் தேய்மானம். நகத்துல தட்டுப்படுற செதில் இருந்தா வண்டியே வேண்டாம். ஆக, வாங்குற முன்னாடியே விக்கிறவர் சம்மதத்தோட இறக்கிப் பாருங்க. சம்மதிக்கலேன்னா அதுவும் ஒரு பதில்தான்.

ஸ்பேனர்14: அப்போ நீங்களும் மாத்தத்தானே சொல்றீங்க!

நிதானம்: ஆயிலுக்கு மட்டும். பிரேக் ஆயிலுக்கும் சரி, அது ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 (பிரேக் ஆயில்ல ஒரு தரம்) கொதிக்கக் குறைஞ்சது 230 டிகிரி வேணும், ஈரம் ஏறினதுக்கு 155 போதும்னுதான் தரநிலையே சொல்லுது. மலை இறக்கத்துல பிரேக் லீவர் பஞ்சு மாதிரி போறது இதனாலதான். பிரேக் ஆயில் டப்பி மூடியில என்ன போட்டிருக்குன்னு படிச்சிட்டு ஊத்துங்க. டாட் 5 சிலிக்கான் வகை, டாட் 4-ஓட கலக்கவே கூடாது. மத்தபடி ஃபோர்க் சீல் கசியலேன்னா அங்கே ஏன் கை வைக்கணும்? அலுமினிய மரையில தேவையில்லாம ஸ்பேனர் போட்டா மரை வழியும். டிரெயின் பிளக்குக்கும் புது வாஷர், டார்க் ரெஞ்ச் (இறுக்குற விசையை அளக்குற ஸ்பேனர்). கை பலத்தைக் காட்டுற இடம் அது இல்லை.

இரட்டைசிலிண்டர்: ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. "இன்ஜின் சத்தமே இல்ல, பட்டு மாதிரி ஓடுது"ன்னு சொன்னா உடனே சந்தோஷப்படக் கூடாது. டேப்பெட் இடைவெளி (வால்வைத் திறக்கிற பாகத்துக்கும் வால்வுக்கும் நடுவுல விடுற சந்து) குறைஞ்சாலும் சத்தம் அடங்கும். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுல முழுசா உட்காரலேன்னா சூட்டை இறக்க வழியில்லாம ஓரம் கருகும். இன்ஜின் நல்லா ஆறினப்புறம் ஃபீலர் கேஜ் (சந்தை அளக்குற மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கணும். ஹார்லி பிக் ட்வின்ல ஹைட்ராலிக் லிஃப்டர், ஆயில் அழுத்தத்துலயே சந்து தானா சரியாயிடும், இந்த வேலையே இல்லை. ஆனா அதுல இன்ஜின், பிரைமரி (இன்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கிற செயின் இருக்கிற பெட்டி), கியர்பாக்ஸ்னு மூணு இடத்துல தனித்தனி ஆயில். "ஆயில் மாத்தினேன்"னா எந்த ஆயில்னு கேளுங்க.

ஸ்பேனர்14: இதைத்தான் நானும் சொல்றேன், வாய்வார்த்தையை நம்பாதீங்க. பெல்ட்டையும் கையோட இறுக்கிடுங்க.

நிதானம்: ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க. பெல்ட் கெடுறது பெரும்பாலும் அக்கறையாலதான். விறைப்பா இழுத்தா கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்கும் பின்சக்கர பேரிங்கும் அடிவாங்கும். டென்ஷன் கேஜ் வெச்சு, கீழ்ப்பக்க நடுவுல, மேனுவல் சொல்ற விசையைக் கொடுத்து எத்தனை மில்லிமீட்டர் நகருதுன்னு அளக்கணும். சக்கரத்தைச் சுத்தி நாலஞ்சு இடத்துல பார்த்து, எங்கே அதிகமா விறைக்குதோ அங்கே கணக்கு. பல்லுக்கு நடுவுல கல் குத்தின ஓட்டை, ஓரத்துல நூல் பிரிஞ்சது, பல் அடியில வெடிப்பு, இதுல ஒண்ணு இருந்தாலும் பெல்ட்டை மாத்தணுமான்னு மேனுவலைப் பாருங்க. கீச்சுன்னா சோப்புத் தண்ணி போதும். செயின் ஸ்ப்ரே அடிச்சா தூசியைத்தான் சேர்க்கும்.

ஸ்பேனர்14: சரி, பெல்ட்ல உங்க பேச்சு செல்லும். டயர்ல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019-ஓட 23-வது வாரம். ஆறு வருஷத்துல 14,000னா வண்டி நின்ன நேரம்தான் அதிகம். பட்டன் ஆழமா இருக்குன்னு ஏமாறாதீங்க, நின்ன டயர் கல்லாயிடும். பொடி வெடிப்பு தெரிஞ்சா, தேதி எதுவானாலும் கழட்டிடுங்க.

புதுக்கை: ஒரு பழைய பெல்ட்டைச் சுருட்டி பையில ஸ்பேரா வெச்சுக்கலாமா?

நிதானம்: வளையமா தளர்வா வைக்கலாம். இறுக்கிச் சுருட்டினாலோ மடிச்சாலோ உள்ளே இருக்கிற இழை முறிஞ்சிடும், வெளியே ஒண்ணுமே தெரியாது. தவிர, நிறைய மாடல்ல அதை மாட்ட ஸ்விங் ஆர்மையே (பின்சக்கரத்தைத் தாங்குற கை) இறக்கணும். ரோட்டோரத்துல நடக்கிற காரியமா அது?