புதுப்பிப்பு: சிங்கப்பூர் – நியூயார்க் பயண நேரம்

சாங்கியிலிருந்து ஜே.எஃப்.கே. விமான நிலையம் சுமார் 15,300 கி.மீ., மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 17 மணி நேரம்தானே வருகிறது, டிக்கெட்டில் ஏன் பதினெட்டரைக்கும் மேல் போட்டிருக்கிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது விவரம் தெளிவாகிவிட்டது.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் வாயிலை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரை எல்லாம் அதில் சேர்த்தி. ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து போவதும்தான்.

அப்புறம் பாதை. அந்த 15,300 என்பது பூமிப் பந்தின் மேல் மிகக் குறுகிய கோடு, அது வட துருவத்துக்குப் பக்கமாகப் போகும். விமானங்கள் பெரும்பாலும் அப்படியே போவதில்லை, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளுமென்றால் பசிபிக் வழியாகச் சுற்றிப் போனாலும் லாபம்தான், எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணக்குதான்.

கேட்டவர்களுக்காக: கோடையில் நேர வித்தியாசம் 12 மணி, குளிர்காலத்தில் 13. அதனால் நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் அதே தேதியில் காலையிலேயே இறங்கிவிடலாம். இணைப்பு விமானம் எடுப்பவர்கள் தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.