பிச்சாவரம் பக்கத்து அம்பாப் பாட்டு, கூத்து தெரிந்தவர்கள் உதவுங்கள்

குழுவில் எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகர். பிச்சாவரம் உப்பங்கழியை ஒட்டிய மீனவக் கிராமங்களின் பாட்டு, கூத்து, திருவிழாக்களைச் சின்ன ஒலித்தொகுப்பாகச் செய்ய ஆசை.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருவதும், தர்கா சார்பில் வரவேற்பு தருவதும் டிவியிலேயே வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அதில் வராதவை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடுவார்களே, அந்த அம்பாப் பாட்டு. மோட்டார் படகு வந்தபின் அதற்கு வேலை குறைந்துவிட்டது. 2004 சுனாமிக்குப் பின் எம்.ஜி.ஆர். திட்டு என்ற தீவுக் கிராமத்து மீனவர்களும் கிள்ளைப் பக்கம் இடம் மாறிவிட்டதால், யாரைத் தேடி எங்கே போவது என்றே புரியவில்லை.

பாட்டு தெரிந்த பெரியவர்கள் உங்கள் சொந்தத்தில் இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனியே செய்தி அனுப்புங்கள். எண்ணைப் பொதுவில் போட வேண்டாம்.

அப்புறம், அந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து வைத்தால் நோட்டீஸைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். டீக்கடைச் சுவரில் ஒட்டுவதோடு சரி, வெளியூருக்குத் தெரிவதே இல்லை. முகவீணை (நாகசுரம் மாதிரி ஊதும் சின்னக் குழல்) வாசிப்பவர் உள்ள குழு என்றால் கட்டாயம் சொல்லுங்கள். கீபோர்டை வைத்துச் சமாளிக்கும் கூத்து எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. விடிய விடிய நடந்தாலும் இருந்து பதிவு செய்வேன்.

பாடுபவர்களுக்குச் சன்மானம் உண்டு. எவ்வளவு கொடுப்பது முறை என்பதையும் விவரம் தெரிந்த அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.