லைன் டார்கெட்டை சி.ஆர்.எம்.மில் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கே.புதூர், மோட்டார் பம்ப் மொத்த வியாபாரம்:

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று எங்களுக்கு லைன்கள், அதாவது கடை கடையாக விற்பனைக்குப் போகும் ஊர்ப் பாதைகள். லைனுக்கு ஒரு விற்பனைத் தம்பி. முன்பெல்லாம் மாசம் பிறந்ததும் முதலாளி வாயால் ஒரு தொகை சொல்வார், மாசக் கடைசியில் டேலி கணக்கு மென்பொருளைப் பார்த்துச் சத்தம் போடுவார். வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைப் பதிகிற சி.ஆர்.எம். மென்பொருள் வந்ததும் டார்கெட் போடுகிற வேலை என்னிடம் வந்தது.

தொகையைப் பேசுவதற்கு முன்னால், எதை எண்ணுவது என்று முதலாளியிடம் கேட்டேன். ஆர்டர் எடுத்தால் போதுமா, பில் போட வேண்டுமா, பணம் கைக்கு வர வேண்டுமா? ஆர்டரை மட்டும் எண்ணினால் என்ன நடக்கும் என்று லைன் போன எல்லோருக்கும் தெரியும். "அண்ணாச்சி, ரெண்டு மோட்டார் சேர்த்து எடுத்துக்கிடுங்க, விக்கலைன்னா அடுத்த மாசம் எடுத்துக்கிடுறோம்" என்று சரக்கைக் கடையில் தள்ளிவிடுவார்கள். திரையில் டார்கெட் முடிந்ததாகக் காட்டும். அடுத்த மாசம் அதே மோட்டார் பெட்டி பிரிக்காமல் குடோனுக்குத் திரும்பும், வண்டி வாடகையும் நம் தலையில்.

அதனால் வசூலான தொகைக்கு ஒரு டார்கெட், புதிதாகக் கணக்குத் திறந்த கடைகளுக்கு ஒரு டார்கெட் என்று பிரித்தோம். ஒன்று தொகை, மற்றது எண்ணிக்கை. மென்பொருளும் இதைத் தனித்தனியாகத்தான் கேட்கும். வசூல் ரசீதை டேலியில் போடுகிற அக்காவே சி.ஆர்.எம்.மிலும் பதிந்துவிடுகிறார். அவர் கை நின்றால் டார்கெட்டும் நின்றுவிடும், ஆகவே இதற்கு ஒருவரைப் பொறுப்பாக்காமல் தொடங்காதீர்கள்.

தொகையைத் தம்பிகளோடு உட்கார்ந்துதான் முடிவு செய்தோம். போன வருஷம் அதே மாசத்து வசூலை எடுத்து வைத்துப் பேசினோம். உசிலம்பட்டித் தம்பி, "அண்ணே, எழுமலைப் பக்கம் கிணத்துல தண்ணி இல்ல, புது மோட்டாரை யாரும் கேக்கல, ரிப்பேர்தான் ஓடுது" என்றார். நியாயமான பேச்சு. மோட்டாரைக் குறைத்து, ஸ்பேர் பார்ட்ஸைக் கூட்டினோம். அவர் ஒத்துக்கொண்ட எண் என்பதால் தினமும் அவரே திறந்து பார்க்கிறார்.

ஒரு நாள் காலையில் போனை நீட்டினார். முந்தின நாள் சாயங்காலம் வாங்கிய செக் ஏறவில்லை. "நம்ம கணக்கை முழுங்கிருச்சுண்ணே" என்று முகம் வாடிவிட்டது. அந்த டார்கெட்டைத் திறந்து, மறுபடி கணக்கிடும் பட்டனை அவர் கையாலேயே அழுத்தச் சொன்னேன். தொகை ஏறியது. மற்ற தம்பிகளுக்கும் அன்றே அதைக் காட்டிக் கொடுத்தோம். எண்ணின் மேல் ஆளுக்கு நம்பிக்கை போய்விட்டால் அப்புறம் எந்த ரிப்போர்ட்டும் உதவாது.

தெற்கு மாசி வீதி, ஜவுளி மொத்த வியாபாரம்:

அண்ணே சொன்னது எங்களுக்கும் பொருந்தும். எங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் காலக்கெடு. ஆடித் தள்ளுபடிக்குச் சில்லறைக் கடைக்காரர்கள் ஆனியிலேயே சரக்கு எடுப்பார்கள். ஆனி என்பது ஜூன் பாதியில் தொடங்கி ஜூலை பாதி வரை. காலாண்டு ஜூன் 30-ல் முடிகிறது. ஒரே சீசன் இரண்டாக வெட்டுப்படும். முதல் காலாண்டில் ரெப் (விற்பனைக்குப் போகிறவர்) தோற்றது போலவும் அடுத்ததில் ஜெயித்தது போலவும் தெரியும். மென்பொருளில் காலாண்டை விட்டுவிட்டு, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் நாமே கொடுக்க வழி இருக்கிறது. ஆனிக்கு ஒன்று, தீபாவளி எடுப்புக்கு ஒன்று, தை முகூர்த்தத்துக்கு ஒன்று என்று வைத்தோம். இப்போது ரெப்களோடு பேசுகிற பேச்சே வேறாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். ரெப்களின் தொகையைக் கூட்டினால் வருவதைவிட மேனேஜர் டார்கெட்டில் ரொம்ப அதிகமாகக் காட்டுகிறது. ஏன்?

அண்ணா நகர், சி.ஆர்.எம். அமைத்துக் கொடுக்கிறேன்:

நீங்கள் வைத்திருப்பது மைக்ரோசாஃப்ட்டின் டைனமிக்ஸ் 365 சி.ஆர்.எம். என்றால் இதைப் பாருங்கள். ரெப்பின் டார்கெட்டை மேனேஜரின் டார்கெட்டுக்குக் கீழே சேர்த்ததும் அந்தத் தொகை மேலே ஏறும். அதோடு மேனேஜர் டார்கெட்டே எல்லாருடைய பதிவுகளையும் நேரடியாக எடுக்கும்படி வைத்திருந்தால் ஒரே ஆர்டர் இரண்டு தடவை சேரும். கீழுள்ள டார்கெட்டுகளிலிருந்து மட்டும் கூட்டு என்ற தேர்வை 'ஆம்' என்று வையுங்கள்.

கே.புதூர் அண்ணனுக்கு: இதில் கணக்கு வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் தானாகப் புதுப்பிக்கப்படும். அட்மின் அமைப்பில் இந்த இடைவெளியை மாற்றலாம். இன்னொன்று, நிதியாண்டு அதில் இயல்பாக ஜனவரியில் தொடங்கும். ஏப்ரலுக்கு மாற்றிவிட்டு டார்கெட் போடத் தொடங்குங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அவற்றைப் புது நிதியாண்டோடு பொருத்தவும் பட்டன் இருக்கிறது.

முடிந்த வியாபாரத்தையும் பேச்சில் இருக்கும் வியாபாரத்தையும் டார்கெட் தனித்தனியாகக் காட்டும். திங்கள்கிழமைக் கூட்டத்தில் நான் பார்க்கச் சொல்வது இரண்டாவதை. எந்தக் கடைக்கு இந்த வாரம் முதலாளியே நேரில் போக வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.

தெற்கு மாசி வீதி:

நன்றி அண்ணே. அந்தத் தேர்வு 'இல்லை' என்றுதான் இருந்தது. மாற்றியதும் கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டது. நிதியாண்டையும் ஏப்ரலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.