இதேயா, கொன்செப்தோ, நொசியோன்: பட்டியல் போட்டுப் படித்தால் போதுமா?

சொல்லடுக்கு:
ஸ்பானியம் படிப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் பங்கீடு: இதேயா = யோசனை, பென்சமியென்தோ = எண்ணம், கொன்செப்தோ = கருத்து, நொசியோன் = அரைகுறை அறிவு. நாலு சொல், நாலு பொருள். தொடக்கத்தில் இது போதும்.

வினைமுதல்:
பங்கீட்டிலேயே ஓட்டை இருக்கிறதே. தமிழில் 'கருத்து' அபிப்பிராயத்துக்கும் வரும், கோட்பாட்டுக்கும் வரும். "என் கருத்து வேறு" என்பதற்கு உங்கள் மாணவர் "மி கொன்செப்தோ" என்று எழுதி வைப்பார். அங்கே ஒபினியோன்தான் வர வேண்டும். 'எண்ணம்' இன்னும் மோசம். "ஒரு எண்ணம் தோன்றியது" என்பதற்கு "தூவே ஊன் பென்சமியென்தோ" என்றால் இலக்கணம் இடிக்காது, பேச்சில் ஒட்டாது. "செ மெ ஒகுர்ரியோ ஊனா இதேயா" என்பதே வழக்கு. பென்சமியென்தோ சிந்திக்கும் ஆற்றலுக்கும், ஒரு தத்துவவாதியின் மொத்தச் சிந்தனைக்கும் உரியது. மனதில் ஓடும் எண்ணங்கள் என்றால் பன்மையில் வரும். (பான்சிப் பூவுக்கும் அதே பெயர்தான்!)

பெயர்ச்சொல்லை அதன் வினையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். "கம்பியார் தெ இதேயா" என்றால் மனம் மாறுவது. "பெர்தேர் லா நொசியோன் தெல் தியெம்போ" என்றால் நேரம் போவதே தெரியாமல் போவது.

சொல்லடுக்கு:
முதல் மாதத்திலேயே இத்தனை தொடரைத் திணித்தால் ஓடிவிடுவார்கள். வேலை விண்ணப்பத்தில் "நொசியோனெஸ் தெ ஃப்ரான்செஸ்" என்றால் பிரெஞ்சு அடிப்படை மட்டும் தெரியும் என்று பொருள். என் பட்டியல் பொருந்துகிறதா இல்லையா?

வினைமுதல்:
அங்கே பொருந்தும். "பாஹோ நிங்கூன் கொன்செப்தோ" என்பதில்? 'எக்காரணம் கொண்டும் கூடாது' என்று பொருள். கருத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்பெயினில் வங்கி வழியாகப் பணம் அனுப்பும்போது 'கொன்செப்தோ' என்று ஒரு கட்டம் இருக்கும். பணம் எதற்கு என்று எழுதும் இடம் அது: 'மே மாத வாடகை' என்பதுபோல.

பொகொத்தா ஜன்னல்:
கொன்செப்தோ அபிப்பிராயம் ஆகாது என்ற பேச்சு கொலம்பியாவில் செல்லாது. அங்கே "என் மி கொன்செப்தோ" என்றால் 'என் அபிப்பிராயத்தில்'. அரசு அலுவலகம் எழுத்தில் தரும் கருத்துரைக்கும் அதே பெயர். சட்டம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அது யாரையும் கட்டுப்படுத்தாது என்கிறது 2015ஆம் ஆண்டின் 1755ஆம் எண் சட்டம். ஸ்பெயினிலும்கூட "தெனேர் புவென் கொன்செப்தோ தெ" என்றால் ஒருவர் மேல் நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பது.

வினைமுதல்:
சரி, நான் சொன்னதை ஸ்பெயின் பேச்சுவழக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் தந்த சான்று என் கட்சிக்குத்தான் சாதகம். கூட வரும் சொல்லும் பேசுகிற ஊரும்தானே பொருளைத் தீர்மானிக்கின்றன?

சொல்லடுக்கு:
'கருத்து' என்பதை அடித்துவிட்டுக் 'கருத்தாக்கம்' என்று போடுகிறேன். பட்டியலை மட்டும் விடமாட்டேன். ஒகுர்ரென்சியாவையும் சேர்க்கிறேன். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் அதை 'நிகழ்வு' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது சட்டென்று உதித்த வேடிக்கையான யோசனை. "கே ஒகுர்ரென்சியா!" என்பது பாராட்டாகவும் இருக்கலாம், 'இதென்ன கூத்து' என்றும் இருக்கலாம்.

பொகொத்தா ஜன்னல்:
குரலைக் கேட்டால் தெரிந்துவிடும். பாதி நேரம் கூத்துதான்.