1995-க்குப் பிறகும் மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் ராக் குழு அதே பெயரில் தொடர்ந்தது சரியா?

கிழிந்த_தந்தி
"ரிச்சி போன பிறகுதான் மேனிக்ஸ் பெரிய குழு ஆனார்கள்" என்று பிரிட்பாப் (1990-களின் பிரிட்டிஷ் கிதார் பாப்) இழையில் தாளக்கட்டு எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் ஒயேசிஸ் குழுவைப் பற்றிய சண்டையில் காணாமல் போய்விடும், அதனால் தனி இழை.

1995 பிப்ரவரியோடு அந்தப் பெயரை மூட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்புறம் வந்தது நல்ல குழுவாகவே இருக்கட்டும், ஆனால் வேறு குழு.

விவரம் தெரியாதவர்களுக்கு: தெற்கு வேல்ஸில் பிளாக்வுட் என்று ஒரு நிலக்கரி வட்டார ஊர். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றதைப் பார்த்து வளர்ந்த நாலு பையன்கள். பாட்டும் கிதாரும் ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்ட். டிரம்ஸ் அவருடைய உறவுக்காரப் பையன் ஷான் மூர். பேஸ் நிக்கி வயர். கிதாரைப் பெயருக்கு மாட்டிக்கொண்டு வரி எழுதியவர் ரிச்சி எட்வர்ட்ஸ். 1992-ல் முதல் ஆல்பம் வந்தபோது, 1.6 கோடி விற்போம், விற்றதும் குழுவைக் கலைப்போம் என்று சவடால் விட்டார்கள். விற்கவும் இல்லை, கலைக்கவும் இல்லை.

1994-ல் 'தி ஹோலி பைபிள்'. வரிகளில் பெரும்பகுதி ரிச்சியுடையவை: பட்டினியால் உருகும் உடல், வதைமுகாம்கள், மரண தண்டனை. இன்றைக்கும் ஒரே மூச்சில் கேட்டு முடிக்க முடியவில்லை. 1995 பிப்ரவரி 1, அமெரிக்காவுக்கு விமானம் ஏற வேண்டிய நாள். லண்டன் ஓட்டலிலிருந்து ரிச்சி வெளியே போனார். கார் செவர்ன் பாலத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. 2008-ல் இறந்தவராகக் கருதிச் சட்டப்படி அறிவித்தார்கள்.

அடுத்த வருஷமே வயலின்களோடு வந்து ஹிட் கொடுத்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

தாளக்கட்டு
பாஸ், "பெயருக்கு கிதார்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஸ்டூடியோவில் ரிச்சியின் பங்கையும் சேர்த்து வாசித்தவர் பிராட்ஃபீல்ட். மெட்டுப் போட்டது பிராட்ஃபீல்டும் மூரும். அந்தக் குழுவில் வரிதான் முதலில் வரும், மெட்டு அதற்குப் பிறகு. 'ஹோலி பைபிள்' வரிகளை எடுத்துத் தாளில் படித்துப் பாருங்கள், கட்டுரை மாதிரி இருக்கும். அதைப் பாடுவதற்காக வார்த்தையை நடுவில் உடைத்து, மூச்சு எங்கே விடுவது என்று இடம் தேடி, கத்தலும் ராகமுமாக ஒருவர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அந்த ஆள் 1995-ல் எங்கும் போகவில்லையே.

இன்னொன்று. ரிச்சியின் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் தொடர்ந்தார்கள். அவர்களுக்கே இல்லாத ஆட்சேபணை நமக்கு எதற்கு?

கிழிந்த_தந்தி
குடும்பத்தின் சம்மதம் வேறு, கலைக் கணக்கு வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

1994 ஜூனில் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியை யூடியூபில் பாருங்கள். ராணுவ உடை, பின்னால் தீப்பந்தம், பிராட்ஃபீல்டின் முகத்தில் துணி முகமூடி, அதில் ஜேம்ஸ் என்று எழுத்து. வட அயர்லாந்தின் ஆயுதக் குழுவான ஐஆர்ஏ ஆட்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள் என்று பிபிசிக்குப் புகார் குவிந்தது. இரண்டே வருஷத்தில் அதே ஆட்கள் நெப்வொர்த் திறந்தவெளிக் கச்சேரியில் ஒயேசிஸுக்கு முன்னால் வாசிக்கிறார்கள், 1997-ல் பிரிட்டனின் பிரிட் இசை விருது வாங்குகிறார்கள். அந்த 1996 ஹிட் 'எ டிசைன் ஃபார் லைஃப்' பாட்டில் "குடித்துக் கிடக்கத்தான் எங்களுக்கு ஆசை" என்ற பொருளில் ஒரு வரி வரும். உழைக்கும் வர்க்கத்தைப் பற்றி மேல்தட்டு நினைப்பதைக் குத்திக்காட்டும் வரி அது. கூட்டம் பீர் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே சேர்ந்து பாடியது. குத்தல் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

நியூபோர்ட்_மழை
நடுவில் நுழைகிறேன். கார்டிஃபில் சில வருஷம் இருந்தவன். அந்தப் பாட்டின் முதல் வரி நூலகங்கள் எங்களுக்கு வலிமை தந்தன என்று தொடங்கும். நியூபோர்ட்டில் பில்குவென்லி பகுதியின் பழைய நூலகக் கட்டடத்தில் பொறித்திருந்த வாசகத்திலிருந்து வயருக்குக் கிடைத்த பொறி அது. 2009-ல் கார்டிஃப் மத்திய நூலகத்தைத் திறந்து வைக்க இந்தக் குழுவைத்தான் கூப்பிட்டார்கள். கல்வெட்டில் அந்த வரி இருக்கிறது. ஒரு ராக் பாட்டு வரிக்கு நகராட்சிக் கட்டடத்தில் கல்வெட்டு! குத்தல் போய்ச் சேராமலா கல்லில் வெட்டினார்கள்?

1998 ஆல்பத்தின் தலைப்பே அனைரின் பெவன் சொன்னது. பிரிட்டனின் இலவச மருத்துவத் திட்டத்தை உண்டாக்கிய, சுரங்க வேலையிலிருந்து வந்த வேல்ஸ்காரர். அதில் வந்த பாட்டு ஒன்று ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போன வேல்ஸ் ஆட்களைப் பற்றியது. பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஃபாசிசத்தை எதிர்க்கும் பாட்டு ஒன்று நம்பர் ஒன்னாக வந்ததைச் சமரசம் என்று சொன்னால், சமரசம் இல்லாதது எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

புதுக்காது
நான் இந்தக் குழுவைக் கேட்டதே இல்லை, சண்டை சுவாரசியமாக இருப்பதால் படிக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

கிழிந்த_தந்தி
'தி ஹோலி பைபிள்'. ராத்திரி தனியாக வேண்டாம்.

தாளக்கட்டு
'எவ்ரிதிங் மஸ்ட் கோ', 1996. இவர் பேச்சைக் கேட்டால் முதல் நாளே ஓடிவிடுவீர்கள்.

கிழிந்த_தந்தி
நியூபோர்ட்_மழை, பெவன் கதை எல்லாம் சரி. 1999 கிளாஸ்டன்பரி திருவிழாவில் மேடைக்குப் பின்னால் தங்களுக்கென்று தனிக் கழிவறை, வேறு யாரும் வரக்கூடாது என்று அறிவிப்பு. இடதுசாரிப் பாடகர் பில்லி பிராக் அதைக் கிண்டலடித்தார். சோஷலிசம் பேசிவிட்டு ஒதுக்கப்பட்ட கக்கூஸ்! 2001-ல் ஹவானாவில் கார்ல் மார்க்ஸ் அரங்கில் வாசித்தார்கள், காஸ்ட்ரோவே வந்தார். படம் எடுத்து டிவிடியும் போட்டார்கள். அந்த நாட்டில் வாயைத் திறந்ததற்காக உள்ளே இருப்பவர்களைப் பற்றி ஏதாவது கேட்டார்களா? ரிச்சி இருந்திருந்தால் காஸ்ட்ரோவையும் ஒரு வரியில் வைத்துத் தாளித்திருப்பார்.

தாளக்கட்டு
"ரிச்சி இருந்திருந்தால்" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு யாரும் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் அது உங்களுக்கு வசதியாக இருக்கிறது. கழிவறை விஷயத்தில் நான் உங்கள் பக்கம், அசிங்கம்தான்.

ஆனால் 2009-ஐத் தாண்டிப் போகிறீர்களே? காணாமல் போவதற்கு முன்னால் ரிச்சி ஒரு நோட்டுக் கட்டை இவர்களிடம் கொடுத்திருந்தார். 14 வருஷம் தொடாமல் வைத்திருந்து, 'ஜர்னல் ஃபார் பிளேக் லவர்ஸ்' ஆல்பம் முழுவதையும் அந்த வரிகளிலேயே செய்தார்கள். பதிவு செய்ய ஸ்டீவ் அல்பினி, அட்டையில் ஜென்னி சாவில் வரைந்த ஓவியம். 'ஹோலி பைபிள்' அட்டையும் அவருடையதுதான். இந்தத் தடவை சிறுவன் முகத்தில் இருந்தது ரத்தம் மாதிரித் தெரிகிறது என்று பிரிட்டன் சூப்பர்மார்க்கெட்டுகள் வெற்று உறையில் மூடி விற்றன. நீங்கள் சொன்னபடி 1995-ல் மூடியிருந்தால் அந்த வரிகள் இன்றைக்கு யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் மக்கிக்கொண்டிருக்கும்.

கிழிந்த_தந்தி
நீங்கள் எனக்காகவே வாதாடுகிறீர்கள். 1996-க்கு அப்புறம் அவர்கள் செய்ததிலேயே உயிருள்ள ஆல்பம் அது. யார் வரி?

தாளக்கட்டு
யார் மெட்டு? அதோடு 2014 'ஃப்யூச்சராலஜி' கேட்டீர்களா? பெர்லினில் ஹான்சா ஸ்டூடியோவில் போய்ச் செய்தது. ரிச்சி வரி ஒன்றுகூடக் கிடையாது. சின்தசைசரும் ஜெர்மன் தாளமுமாக முற்றிலும் வேறு தடம். 45 வயதில் அப்படித் திரும்புகிறவர்கள் பழைய பெயரை விற்றுப் பிழைப்பவர்களா? 2021 ஆல்பம் முதலிடம் போனது, 1998-க்குப் பிறகு முதல் முறை. 2025-லும் புது ஆல்பம் வந்தது.

கிழிந்த_தந்தி
'ஃப்யூச்சராலஜி'யை மட்டும் விட்டுத் தருகிறேன். 2004, 2010 ஆல்பங்களை எடுத்து நேர்மையாகப் பேசுங்கள் பார்ப்போம்.

நியூபோர்ட்_மழை
2010 கொஞ்சம் சர்க்கரைப் பாகுதான். 2004-ஐத் தொடாதீர்கள், அதைக் காப்பாற்ற நாங்கள் நாலு பேர் இருக்கிறோம்.

புதுக்காது
இரண்டு ஆல்பமும் கேட்டேன். முதலாவது பாதியில் நிறுத்தினேன், பயமாக இருந்தது. இரண்டாவதில் ஒரு புகைப்படக்காரர் பெயரில் பாட்டு, சூடான் பஞ்சத்தைப் படம் எடுத்த கெவின் கார்ட்டர் என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நடுவில் ஒரு டிரம்பெட் வருகிறதே, அது யார்?

தாளக்கட்டு
டிரம்மர் ஷான் மூர்தான். சின்ன வயதில் கற்றுக்கொண்டது டிரம்பெட்.

கிழிந்த_தந்தி
வரி ரிச்சியுடையது. குறித்துக்கொள்ளுங்கள்.

தாளக்கட்டு
வெளியானது 1996. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.