கொல்லைக் கிணத்துக்கு அடிபம்பு

*குழு: மன்னார்குடி வீடு*

செந்தில்: கொல்லைக் கிணத்துல அடிபம்பு மாட்டுற வேலை ஆரம்பிச்சாச்சு. போட்டோ போட்டிருக்கேன், பாருங்க.

கீதா அத்தை: மோட்டார் நல்லாத்தானே ஓடுது தம்பி? இப்ப எதுக்கு இந்தச் செலவு?

செந்தில்: கரண்ட் இருந்தாத்தானே ஓடும் அத்தை. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சதுக்கு அப்புறம் நம்ம தெருவுல 19 நாள் கரண்ட் இல்ல. அப்பாயிதான் வாளி போட்டு இறைச்சாங்க. பக்கத்து நாலு வீட்டுக்கும் நம்ம கிணறுதான் தண்ணி குடுத்துச்சு. இப்ப அப்பாயியால அரை வாளி கூட இழுக்க முடியல. எனக்கு அது மனசுலயே கெடக்கு.

கீதா அத்தை: அதுவும் சரிதாம்ப்பா. அம்மா கையெல்லாம் கயிறு அறுத்து காப்புக் காச்சிப் போயிருந்துச்சு.

ரவி சித்தப்பா: ரோட்டோரம் இருக்குமே, அந்தப் பம்பா?

செந்தில்: இல்ல சித்தப்பா. அது மார்க் 2. அதுல சிலிண்டர் கீழ தண்ணிக்குள்ளயே இருக்கும், அதனால 150 அடி ஆழத்துலேர்ந்தும் தூக்கும். இது பழைய வார்ப்பிரும்பு பம்பு, மேலேர்ந்து உறிஞ்சுறது. கணக்குப்படி காத்தழுத்தம் 34 அடி வரைக்கும் தண்ணிய ஏத்தும். நடைமுறையில 22, 25 அடிதான். நமக்குக் கார்த்திகைல 12 அடியில தண்ணி, சித்திரைல 21 அடிக்குப் போயிடும். கைப்பிடிச் சுவர் மேல வெச்சா இன்னும் 2½ அடி கூடும். அதான் பக்கத்துல தரையிலயே மேடை கட்டி, சுவர்ல துளை போட்டு பைப்ப உள்ள விட்டுட்டோம்.

முத்து மாமா: நல்ல வேலை. பைப்பு அடிமண்ணுலேர்ந்து 2 அடி மேலயே நிக்கட்டும், இல்லன்னா சேறா வரும். தோல் வாஷர ராத்திரியே தண்ணில ஊற வெச்சியா?

செந்தில்: வெச்சேன் மாமா.

*(சாயந்தரம்)*

செந்தில்: மாமா, பம்பு மேல தண்ணி ஊத்தி அடிச்சா நல்லா வருது. பத்து நிமிஷம் விட்டுட்டு வந்து அடிச்சா வெறும் காத்து. திரும்ப ஊத்த வேண்டியிருக்கு.

முத்து மாமா: அடிக்கும்போது தண்ணி விட்டு விட்டு வருதா, ஒரே சீரா வருதா?

செந்தில்: சீராத்தான் வருது.

முத்து மாமா: அப்ப ஜாயின்ட்ல கசிவு இல்ல. அது கசிஞ்சா அடிக்கும்போதே புஸ் புஸ்னு காத்து வரும். உனக்கு நின்ன தண்ணி கீழ எறங்கிடுது. பைப்பு அடியில தண்ணி திரும்ப எறங்காமத் தடுக்குற புட் வால்வு சரியா மூடல. மேல எடுத்துப் பாரு, ஏதோ சிக்கியிருக்கும்.

செந்தில்: பைப்பு முழுக்க வெளிய எடுத்தோம். வால்வு வாயில ஒரு விரல் நீளத்துக்குத் தென்னை நார்!

கவிதா: அண்ணே, கிணத்த ஒட்டித்தான மரம் இருக்கு, திரும்பவும் விழுமே. லீவுக்குப் புள்ளைங்க வேற வருதுங்க. மேல வலை போட்டுடுங்க.

செந்தில்: நாளைக்கே கம்பி வலை போட்டுடுறேன்ம்மா. வால்வுக்கும் சல்லடை மாட்டிட்டேன். இப்ப ஒரு மணி நேரம் கழிச்சு அடிச்சேன், ரெண்டாவது அடியிலயே தண்ணி. அப்பாயி தானே அடிச்சு ஒரு குடம் ரொப்பிட்டாங்க.

ரவி சித்தப்பா: வீடியோ போடு செந்திலு. அம்மா அடிக்கிறத நான் பாக்கணும்.

செந்தில்: போடுறேன் சித்தப்பா. ராட்டினத்தக் கழட்டக் கூடாதுன்னு அப்பாயி சொல்லிட்டாங்க, அது அப்படியே இருக்கும். வலைல வாளி எறங்குற அளவுக்கு ஒரு கதவு வெக்கச் சொல்றேன். மாமா, கடைக்குப் போனா வாஷர் ரெண்டு சேத்து வாங்கிட்டு வாங்க.

முத்து மாமா: திங்கக்கெழம வாங்கிட்டு வரேன்.