இருவர் மோதும் ஆட்டத்தில் இரு விலைகளையும் கூட்டினால் 101 வருவது ஏன்?

கணக்காச்சி, காரைக்குடி:
அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன், ஒரு நிகழ்ச்சியின் முடிவு குறித்த ஒப்பந்தங்களை வாங்கி விற்கும், அங்கே நடக்கும் கால்ஷி போன்ற கணிப்புச் சந்தைகளைப் பற்றி விளக்கினான். ஒரு டென்னிஸ் ஆட்டத்தில் முதலாமவர் வெல்வார் என்ற ஒப்பந்தம் 62 சென்ட், எதிராளி வெல்வார் என்பது 39 சென்ட் என்று வைத்துக்கொள்ளச் சொன்னான். வென்றவர் பக்கத்து ஒப்பந்தத்துக்கு 1 டாலர் கிடைக்கும், மற்றதற்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே விலையையே வெற்றி வாய்ப்பின் சதவீதமாகப் படிக்கலாமாம். இருவரில் ஒருவர்தான் வெல்ல முடியும் என்றால் கூட்டுத்தொகை 100 தானே வர வேண்டும்? மிகுந்த அந்த ஒன்று, சந்தை நடத்துபவரின் லாபமா?

பங்குக்கடைத் தம்பி, தேவகோட்டை:
இல்லை ஆச்சி, நடத்துபவர் தம் கட்டணத்தைத் தனியாக வாங்கிக்கொள்வார். நீங்கள் சொன்னவை இரண்டும் விற்பவர் கேட்கும் விலைகள். முதலாமவர் வெல்வார் என்று ஒருவர் 61 சென்ட்டும், வெல்லமாட்டார் என்று இன்னொருவர் 39 சென்ட்டும் தர முன்வந்தால், இரண்டும் சேர்ந்து 1 டாலர் ஆகி, ஐந்தொகை நேர்ப்படுவதுபோல ஒரு ஜோடி ஒப்பந்தம் உருவாகிறது. ஆகவே எதிராளியை 39-க்கு வாங்க முடிகிறது என்றால், முதலாமவரை 61-க்கு வாங்க ஒருவர் காத்திருக்கிறார் என்று பொருள். ஒருவர் 61 தருகிறார், மற்றவர் 62 கேட்கிறார். அந்த ஒரு சென்ட் இடைவெளிதான் நீங்கள் கண்ட மிகுதி. சந்தையின் கணிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாங்குவோரும் விற்போரும் குறைவாக உள்ள ஆட்டங்களில் இடைவெளி மிகவும் விரிந்துவிடும்; அங்கே விலையைச் சதவீதமாகப் படிப்பது பிழையாகும்.

பந்தய நிறுவனத்தின் வழி வேறு. 1 ரூபாய் கட்டி வென்றால் திரும்பக் கிடைப்பது ஒருவருக்கு 1.50, மற்றவருக்கு 2.40 என்று அது தானே விகிதம் வைத்தால், 100-ஐ அவற்றால் வகுக்க 66.7, 41.7 சதவீதங்கள் வந்து, கூட்டுத்தொகை 108-ஐத் தாண்டும். அந்த 8-இல்தான் அதன் லாபம் அடங்கியிருக்கிறது.

சதுரங்கப் பிரியன், கண்டனூர்:
இருவர் மோதினால் முடிவும் இரண்டுதான் என்று எண்ணிவிடக் கூடாது. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியில் 13 ஆட்டங்களுக்குப் பிறகு நம் குகேஷும் சீனாவின் டிங் லிரனும் 6.5–6.5 என்று சமமாக நின்றார்கள். ‘14-ஆம் ஆட்டத்தில் குகேஷ் வெல்வாரா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பக்கத்தில் டிங்கின் வெற்றி, டிரா இரண்டும் அடங்கும். ‘பட்டம் வெல்வாரா?’ என்று கேட்டால், 7–7 ஆனாலும் விரைவு ஆட்டங்கள் தீர்த்துவிடும் என்பதால், முடிவு இரண்டே. டிராவை நோக்கிச் சென்ற அந்த ஆட்டம் 55-ஆம் நகர்த்தலில் டிங் செய்த பிழையால் தலைகீழாகி, 7.5–6.5 என்று முடிந்தது. இப்படி நடந்ததால் முந்தைய கணிப்பு தவறு என்று சொல்ல முடியாது. 60 சென்ட் என்று நின்ற பல ஆட்டங்களை எடுத்து, அவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் பலித்தனவா என்று பார்த்தால்தான் சந்தையின் தரம் தெரியும்.

கணக்காச்சி:
இருவருக்கும் நன்றி. ரங்கூனில் வட்டித்தொழில் செய்த நம் நகரத்தார் கோயிலில் கூடி நடப்பு வட்டி வீதத்தை நிர்ணயித்ததை ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கே கூடிப் பேசி முடித்ததை, இங்கே யாரும் யாரிடமும் பேசாமலே விலை செய்துவிடுகிறது. காயத்தால் ஒருவர் பாதியில் விலகினால் என்ன ஆகும்?

பங்குக்கடைத் தம்பி:
அது ஒப்பந்த விதியைப் பொறுத்தது ஆச்சி. அடுத்த சுற்றுக்குப் போனவரை வென்றவராகக் கொள்வதா, பணத்தைத் திருப்புவதா என்பதை விதியில்தான் பார்க்க வேண்டும். ஆனால் இதைக் கணக்காக மட்டுமே படியுங்கள். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை இந்தியாவில் 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது.